தொட்டிக்குக் கீழே நியூட்ரான் எண்ணியது

அக்காவும் நானும் பேசாமல் இருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டு மாடியறையில் நியூட்ரான் எண்ணும் வேலை நடந்தது. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்களைப் பெற்ற அத்தா கட்டிய வீடு அது. கீழ்த்தளத்தில் அக்காவும் மச்சானும், மேல்தளத்தில் நான். படிக்கட்டு வெளிப்பக்கமாக, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஏறி, என் வாசலைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போகும். ஒரே கேட், ஒரே தண்ணீர் மோட்டார், வாசலில் படுத்துக்கிடக்கும் ஒரே நாய். பேச்சு மட்டும் கிடையாது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்து, அந்த முடிவோடு நிம்மதியாக இருக்கிறவள் நான். அக்காவுக்குத்தான் அந்த நிம்மதி வரவில்லை. ஒரு பெருநாள் மாலையில், "மச்சானோட சிநேகிதங்க வாராங்க, சேலைய மாத்திட்டு வா" என்று என்னைக் கீழே கூப்பிட்டாள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வந்திருந்தது மாப்பிள்ளை வீட்டார் என்று. மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிக்காஹ்வுக்குப் பொறவு வேலைய விட்டுருவியாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் எழுந்து, "சமோசா நல்லா இருக்கும், சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டேன். அவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். அக்கா படிக்கட்டின் அடியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "இனி ஒன் வாசப்படிய நான் மிதிச்சா என்னான்னு கேளுடி" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. "மிதிக்காத, யாரு கூப்பிட்டா?" என்று மேலேயிருந்து பதில் சொன்னேன். பிடிவாதத்துக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

அதற்குப் பிறகு எங்களுக்கு நடுவில் மச்சான்தான் தபால்காரர். டவுனில் குடையும் பையும் விற்கும் கடை வைத்திருந்தார். மென்மையான மனிதர், சண்டை என்றால் கடைக்கு ஓடிவிடுவார். ஒரு நாள் காலை படிக்கட்டில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடைய ஏறக்கட்டப் போறேன்மா. கோயம்புத்தூர்ல மவன் கூப்பிடுறான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சதும் ரெண்டு பேரும் அங்கயே போயிருறோம்" என்றார். நான், "ஓ, சரி மச்சான்" என்றேன். கல்லூரிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது புரிந்தது. அக்கா போய்விடுவாள். போகும்போதும் பேசாமல்தான் போவாளா என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நானே போய்ப் பேசலாம் என்பது தோன்றவில்லை என்றல்ல. தோன்றியது, பிடிக்கவில்லை.

அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துவது என் தொழில். அதோடு, வெளிநாட்டில் நடக்கும் ஒரு தேடலுக்கு டிடெக்டர் குழாய்கள் செய்து சோதித்துக் கொடுக்கும் சிறிய குழுவில் நானும் ஒருத்தி. அணுக்கருவுக்குள் இருக்கும் நியூட்ரான் என்ற துகள், எப்போதாவது, நம் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத வேறொரு துகளாக மாறி, பிறகு மறுபடி நியூட்ரானாகவே திரும்பி வரக்கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்படி மாறித் திரும்புவதை ஊசலாட்டம் என்பார்கள். உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நியூட்ரான்களைத் தடித்த சுவரின் மீது பாய்ச்ச வேண்டும். சாதாரண நியூட்ரான் சுவரிலேயே நின்றுவிடும். மறைந்த வடிவில் போவதற்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அப்படி ஏதாவது மறுபக்கம் போய் மீண்டும் நியூட்ரானாக வெளிப்படுகிறதா என்று சுவருக்குப் பின்னால் டிடெக்டரை வைத்துக் காத்திருக்க வேண்டும். வந்தால், மிகச் சிலதான் வரும்.

சிக்கல் என்னவென்றால், யாரும் எதையும் பாய்ச்சாவிட்டாலும் டிடெக்டர் எண்ணிக்கொண்டேதான் இருக்கும். வானத்திலிருந்து வரும் கதிர்கள் காற்றை அடிப்பதால் நியூட்ரான்கள் நம் எல்லோர் தலையிலும் எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கின்றன. தரையில் உள்ள கல்லும் தன் பங்குக்குக் கொஞ்சம் தரும். மின்சாரக் குளறுபடி வேறு பொய்யாக எண்ண வைக்கும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் பின்னணி. அது எவ்வளவு, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தெரியாமல் ஒரு குழாயைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பதில் அர்த்தமே இல்லை. அந்தப் பின்னணியை அளப்பது என் பொறுப்பு.

"என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?" என்று மச்சான் அவ்வப்போது கேட்பார்.

"நான் தேடல மச்சான். ஒண்ணுமே வராதப்ப எம்புட்டு வருதுன்னு எண்ணுறேன்."

"நம்ம கடையில மத்தியானத்துல நானும் அதத்தான் எண்ணுறேன்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

முதலில் கல்லூரி ஆய்வகத்தில்தான் அளந்தோம். பக்கத்தில் செல்லூர். விசைத்தறிகள் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்கும், தறிக்கு விடுமுறை என்றால் எங்கள் எண்ணிக்கையும் நல்ல பிள்ளையாகிவிடும். அந்தக் குழாய் நியூட்ரானை எண்ணியதைவிடச் செல்லூர் மோட்டார்களை எண்ணியதுதான் அதிகம். பிறகு பேரையூர்ப் பக்கம், சுற்றிலும் கரிசல் காடாகக் கிடக்கும் இடத்தில், ஒரு பருத்திக் கிடங்கைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய் வைத்தோம். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஆனால் வெயிலில் மின்னணுப் பெட்டி கொதித்துத் தன் இஷ்டத்துக்கு அளவை மாற்றிக்கொண்டது. கடைசியில் என் வீட்டு மாடியில் ஒதுக்குப்புறமாக இருந்த சாமான் அறையைக் காலி செய்து, குளிர்சாதனமும் யூபிஎஸ்ஸும் வைத்து, குழாய்களை அங்கே அடுக்கினேன். தலைக்கு மேலே மொட்டைமாடி, ஒரே ஒரு கான்கிரீட் தளம். நல்ல இடம் என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. நம் ஊர்ப் பக்கம் காற்றின் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை லேசாக ஏறி இறங்கும். அழுத்தம் ஏறினால் நியூட்ரான் குறையும், இறங்கினால் கூடும். அது அப்படியே என் எண்ணிக்கையில் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பழைய பழக்கத்தில் படிக்கட்டுவரை போய்விட்டேன். பிறகு நினைவு வந்து திரும்பினேன்.

அழுத்தத்தின் கணக்கைக் கழித்துப் பார்த்தபோதுதான் வினை வெளிப்பட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முற்பகலில், எண்ணிக்கை சரேலென்று விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, மறுபடி விழுந்தது. ரம்பத்தின் பல்லைப்போல ஒரு படம். கேபிளை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். குளிர்சாதனத்தைச் சந்தேகித்தேன், அண்டை வீட்டு வெல்டிங்கைச் சந்தேகித்தேன், ஒரு கட்டத்தில் தெருநாயைக்கூடச் சந்தேகித்தேன். வாராந்திரக் காணொளிக் கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செலவு செய்து நாங்கள் தேடும் ஊசலாட்டம் உங்கள் வீட்டுச் சாமான் அறையிலேயே இருக்கிறதே என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். மனதுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

பெருநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மாநகராட்சிக் குழாய் உடைந்து எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த நாட்களில் எண்ணிக்கை விழவே இல்லை. ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது. எண்ணிக்கை அப்படி உச்சியில் நின்ற ஒரு காலையில் நான் குளியலறையில் முகம் முழுக்கச் சோப்போடு நின்றேன். குழாய் ஒரு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் தடவித் தடவித் துண்டைத் தேடும்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. சாமான் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? என் தண்ணீர்த் தொட்டி. நியூட்ரானைத் தடுக்கத் தண்ணீரைவிட எளிதான பொருள் இல்லை என்று வருஷா வருஷம் வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். தொட்டி நிறைந்தால் எண்ணிக்கை குறையும், நான் குளித்துத் துவைத்துத் தொட்டி காலியாக ஆக அது ஏறும். என் டிடெக்டர் இத்தனை நாளாக மதுரை மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் முறையைக் கச்சிதமாக அளந்துகொண்டிருந்திருக்கிறது. சோப்பு முகத்தோடு உட்கார்ந்து சிரித்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கே இரண்டு தொட்டிகள். நீலம் அக்காவுடையது, கறுப்பு என்னுடையது. கீழேயிருந்து ஒரே குழாயில்தான் தண்ணீர் ஏறும். நீலத்தொட்டி நிறைந்ததும் தானாகவே கறுப்புக்கு மாறும்படி மச்சான் முன்பு ஓர் ஆட்டோமேட்டிக் கருவி மாட்டியிருந்தார். அதை நம்பித்தான் நான் தொட்டியைப் பற்றி நினைக்காமலே வாழ்ந்தேன். தண்ணீர் வரும் முற்பகலில் நான் கல்லூரியில் இருப்பேன், மாலையில் வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது பார்த்தால் அந்தக் கருவியின் வயர்கள் துண்டிக்கப்பட்டு, நுனியில் பாலிதீன் பை சுற்றி, அதுவும் வெயிலில் நைந்து பொடியாகிக் கிடந்தது. கருவி செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பக்கத்தில் கையால் திருப்பும் வால்வு மட்டும் பளபளவென்று இருந்தது.

மச்சான் காலையிலேயே கடைக்குப் போய்விடுவார். வேறு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்கோ இரண்டு முழங்காலும் போய்விட்டன. தரையில் உட்கார்ந்து தொழ முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள். இரண்டு மாடி ஏறியிருக்கவே மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாநகராட்சி உடைந்த குழாயைச் சரிசெய்து தண்ணீர் விட்ட அன்று கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, செருப்பை உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்தேன். டிடெக்டர் குழாய்களிலிருந்து தள்ளித்தான் உட்கார வேண்டும், மனித உடம்பே பாதிக்கு மேல் தண்ணீர்தானே. கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு படி. கைப்பிடிக் கம்பியில் வளையல் உரசும் சத்தம். என் வாசலுக்கு நேராக வந்ததும் நின்று மூச்சு வாங்கினாள். "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. பிறகு மேலே ஏறினாள். தலைக்கு மேல் வால்வு கிரீச்சிட்டது, தொட்டிக்குள் தண்ணீர் விழுந்தது.

திரையில் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுந்த ஒவ்வொரு பல்லும் அவள் ஏறி வந்த நாள். என்னோடு பேசாத காலம் முழுக்க, அந்த முழங்காலோடு, நான் இல்லாத நேரம் பார்த்து ஏறி என் தொட்டியை நிறைத்திருக்கிறாள். நானோ அதைக் கருவிக்கோளாறு என்று கூட்டத்தில் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு மேலே போனேன். அக்கா தொட்டியின் நிழலில், கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப்போல ஒரு முகம்.

"காலேசுக்குப் போகல?" என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நீ என்ன செய்யிற இங்கன?"

"ஒன் வாசப்படிய மிதிக்கல. மாடிப்படிலதான் ஏறுனேன். அது அத்தா கட்டுனது."

"முட்டிய வச்சுக்கிட்டு ஏன்க்கா இப்படிச் செய்யிற? சொல்லியிருந்தா நானே திருப்பியிருப்பேன்ல?"

"பேசாம எப்படிச் சொல்றது?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டிடெக்டரைப் பற்றியும், தண்ணீர் நியூட்ரானைத் தடுப்பதைப் பற்றியும், ரம்பப் பல்லைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப இம்புட்டு நாளா ஒன் வேலையக் கெடுத்துக்கிட்டு இருந்தேனா புள்ள?"

"கெடுக்கலக்கா. அந்த மெசினு உருப்படியாக் கண்டுபுடிச்சது நீ ஏறி வந்ததை மட்டுந்தான்."

"போடி" என்றாள். முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள், காதோரத்தில் அழுத்தித் தேய்த்தாள். சின்ன வயதில் துடைப்பதுபோலவே வலித்தது.

ஆனால் அளவீடு அளவீடுதான். இனித் தொட்டி ஏறி இறங்கக் கூடாது. ஒரே நிலையில் இருக்க வேண்டும், காலியாக இருந்தால்தான் கணக்குச் சுத்தம். அறிக்கை கொடுப்பதற்குள் அப்படிச் சில வாரங்கள் எண்ணியாக வேண்டும். அதைச் சொன்னதும் அக்காவின் முதல் கேள்வி, "தண்ணியில்லாம நீ எப்படிக் குளிப்ப?" என்பதுதான். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே, "கீழ வந்து குளி" என்றாள்.

அப்படித்தான் பெருநாள்வரை கீழ்வீட்டில் வாழ்ந்தேன். காலையில் துண்டும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு இறங்கினால், குளித்து, நாஷ்டா முடித்து, கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன். குளியலறையிலிருந்து நான் வெளியே வரத் தாமதமானால், "உள்ள என்னத்த எண்ணிக்கிட்டு இருக்க?" என்று கதவைத் தட்டுவாள். சண்டையும் போட்டோம். அந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு நாள் ஆரம்பித்தாள். "அவுங்க நல்லவங்கதான்டி." "நல்லவங்கதான். எனக்கு வேணாம்." "சரி வேணாம், சமோசாவாவது தின்னுருக்கலாம்ல, ஒரு நாள் பூரா உக்காந்து மடிச்சேன்" என்றாள். அவளுக்கு வலித்தது அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் கோரிப்பாளையம் சந்திப்பில் சமோசா வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மாவு சரியில்லை என்றாள், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

மேலே எண்ணிக்கை கோடு கிழித்தாற்போல நேராக ஓடியது. காற்றழுத்தத்தின் சிறு அசைவைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். கீழே ஒவ்வொரு நாளாக அட்டைப்பெட்டிகள் நிறைந்துகொண்டிருந்தன. பாத்திரங்கள் போயின, பீரோ போயிற்று. "நீயும் கோயம்புத்தூருக்கு வந்துரேன்" என்று ஒரு முறை கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெருநாள் கழிந்தது. கிளம்பும் நாளில் முற்பகலில் வாசலில் கார் வந்து நின்றது. அளவீடு முடிய இன்னும் சில நாட்கள் பாக்கியிருந்தன. அக்கா மகன் பெட்டிகளை ஏற்றினான். மச்சான் கடைக்காரருக்கே உரிய பழக்கத்தில் கீழ்வீட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. வீட்டைப் பார்க்க வரும் குடித்தனக்காரர்களுக்குக் காட்ட, தரகரிடம் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் காரருகில் நின்றோம், அக்காவைக் காணவில்லை.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

படியேறி ஓடினேன். மொட்டைமாடியில், பயணத்துக்கு உடுத்திய புதுச் சேலையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். வால்வு கறுப்புத் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா! நிறைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? இன்னும் நாலு நாள் எண்ணணும்."

"தெரியும்" என்றாள். கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. "நாளைக்குக் காலையில கீழ பூட்டியிருக்குமே. நீ எங்க போய்க் குளிப்ப?"

என் கை வால்வுக்குப் பக்கத்தில் இருந்தது. திருப்பினால் நின்றுவிடும், இதுவரை விழுந்த தண்ணீரையும் திறந்துவிட்டுவிடலாம், நான்கு நாள் கணக்குப் பிழைத்துவிடும். கீழே மச்சான் ஹார்ன் அடிக்கச் சொன்னார் போலிருக்கிறது, கார் ஒரு முறை கூப்பிட்டது. நான் கையை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். தொட்டி நிறைந்து வழியும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.